45-ஆம் பக்கத்துக்கு அப்புறம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் முன்னைக்கு இப்போது பரவாயில்லை, நடக்கிறாள். உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அம்மா அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள். எனக்கும் ரொம்பப் பெருமை. உன் வாயால் ஒரு வார்த்தை வந்திருந்தால் இன்னும் நிறைவாக இருந்திருக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ போனில் வரவில்லை. சின்னவன்தான் எடுக்கிறான். அம்மாவுக்கு வேலை என்கிறான். சரி, வேலை இருக்கும்.

போன ஞாயிறு அவன் என்னிடம் ஒன்று கேட்டான். நீ அவனுக்குப் பஞ்சதந்திரம் படித்துக் காட்டினாயாம். சிங்கமும் எருதும் சிநேகமாக இருக்கிற இடம் வரை வந்ததாம். நரி கோள் சொல்லத் தொடங்கியதும் நீ புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாயாம். அதற்கப்புறம் ராத்திரியில் கதையே இல்லையாம். "தாத்தா, அந்த எருது என்ன ஆச்சு?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்த நாளை போய் ஆறு நாளாகிறது.

நீ ஏன் அந்த இடத்தில் நிறுத்தினாய் என்று நான் கேட்கவில்லை. அசதியாக இருந்திருக்கும். நான் சொல்ல வந்தது கதை படிப்பதைப் பற்றி மட்டும்தான். ஆரம்பித்த கதையைக் குழந்தைக்கு முழுதாகப் படித்துவிடு. பாதியில் நிறுத்தினால் மீதியை அது தானே கற்பனை செய்துகொள்ளும். அந்தக் கற்பனை புத்தகத்தில் இருப்பதைவிடப் பயங்கரமாக இருக்கும்.

படிப்பென்றாலே கசந்த மூன்று இளவரசர்களுக்காக விஷ்ணுசர்மன் சொன்ன ஐந்து தந்திரங்களில் முதலாவது மித்திரபேதம். நட்பு பிரிகிற கதை. நட்பு சேர்கிற கதை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. பிள்ளைகளுக்கான புத்தகத்தை ஒரு பிரிவில் ஆரம்பிக்க அந்த மனிதருக்கு எவ்வளவு துணிவு இருந்திருக்க வேண்டும் என்று இந்த ஆறு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். சிங்கம் பிங்கலகனும் எருது சஞ்சீவகனும் கெட்டவர்கள் இல்லை, பாப்பா. நரி தமனகன் இங்கே ஒன்றும் அங்கே ஒன்றும் சொல்கிறான். அப்புறம் இவன் முகத்தை அவனும், அவன் நிற்கிற நிலையை இவனும் பார்த்தே முடிவு கட்டிவிடுகிறார்கள். "உன்னைப் பற்றி இப்படிக் கேள்விப்பட்டேனே, நிஜமா?" என்று ஒருவன்கூட வாய் திறந்து கேட்பதில்லை. எருது செத்த பிறகு சிங்கம் உட்கார்ந்து வருந்துகிறது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அவர் குரலைக் கேட்டும் நாளாயிற்று.

குழந்தை அழுதுவிடுமோ என்று பயந்து கதையை நிறுத்தாதே. பினோக்கியோவை உனக்குப் பிடிக்கும். 1881-ல் கொல்லோடி அதைச் சிறுவர் பத்திரிகையில் தொடராக எழுதியபோது, பதினைந்தாம் அத்தியாயத்தில் அந்த மரப்பொம்மையை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார். பத்திரிகைக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் சில மாதம் கழித்து மறுபடி எழுதினார், 1883-ல் முடித்தார். முடித்துப் புத்தகமாக வந்தபோதும் அந்தத் தூக்கு அப்படியே இருந்தது. கதை அதைத் தாண்டி நடந்து போகிறது, அவ்வளவுதான். நீ சின்னவளாக இருந்தபோது அந்த அத்தியாயத்தைக் கேட்டு அழவில்லை. "அப்புறம்?" என்றுதான் கேட்டாய். குழந்தைக்கு வேண்டியது அந்த அப்புறம்தான். ஆகவே முழுதாகப் படி. சின்னவனிடமும் அந்தப் "அப்புறம்?" இருக்கிறது, உன்னிடமிருந்து வந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பீட்டர் முயல் கதை முதலில் ஒரு கடிதம். 1893-ல் படுக்கையில் கிடந்த ஒரு சின்னப் பையனுக்குப் பியாட்ரிக்ஸ் பாட்டர் எழுதியது. உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் நான்கு குட்டி முயல்களின் கதையைச் சொல்கிறேன் என்றுதான் அதை ஆரம்பிக்கிறார். 1902-ல் புத்தகமாக வந்ததில், தாய் முயல் தொடக்கத்திலேயே தன் குட்டிகளிடம் சொல்லிவிடுகிறது: அந்தத் தோட்டத்துப் பக்கம் போகாதீர்கள், உங்கள் அப்பா அங்கேதான் பிடிபட்டுச் சட்டிக்குப் போனார் என்று. நான்கு குட்டிகளையும் நிற்க வைத்து நேராகச் சொல்லிவிடுகிறது. எனக்கு அந்தத் தாய் முயல்மேல் பெரிய மரியாதை. என்னால் அது முடியவில்லை.

எதையெதையோ எழுதுகிறேன். உனக்கு இதையெல்லாம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அதில் தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை இருக்கிறது. ஆண்டர்சன் 1845-ல் எழுதியது. உனக்கு அப்போது ஆறு வயது, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாய். நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து 46, 47 இரண்டு பக்கங்களையும் பசை தடவி ஒட்டினேன். பாட்டி வந்து அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லிக் கதையை முடிப்பேன். கதையிலும் பாட்டி வருகிறாள், அது பொய்யில்லை. ஆனால் விடிந்த பிறகு சுவரோரம் அந்தக் குழந்தை விறைத்துக் கிடப்பதும், கையில் எரிந்துபோன குச்சிக்கட்டு இருப்பதும் ஒட்டின பக்கத்துக்குள் போய்விட்டன.

நீ கெட்டிக்காரி. நான்காவது நாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, 45-க்கு அப்புறம் 48 எப்படி வரும்?" என்று கேட்டாய். அச்சுப்பிழை என்றேன். நீ பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாய். மற்றத் தாள்களைவிட அது தடியாக இருந்தது. என் முகத்தையும் பார்த்தாய். அப்புறம் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டாய்.

அந்த மாதம்தான் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தோம். நீ வாசலிலேயே காத்திருந்தாய், பெயர்கூடத் தேர்ந்து வைத்திருந்தாய். தம்பி எங்கே என்று கேட்டாய். வேறு வீட்டுக்குப் போய்விட்டான் என்றேன். அதற்கப்புறம் நீ அவனைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதை நான் உன் நல்ல குணம் என்று நினைத்தேன். "பாப்பா சமர்த்து, எதையும் நச்சரிக்க மாட்டாள்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அம்மா அழுகிற நாளில் நான் நடக்கப் போகிறேன் என்று வெளியே போய்விடுவேன். அவளும் நானும் இன்றுவரை அவன் பெயரைச் சொல்லிப் பேசியதில்லை.

அது உன் சமர்த்து இல்லை என்று இப்போது புரிகிறது. இந்த வீட்டில் சில பக்கங்களைத் திறக்கக் கூடாது என்று ஆறு வயதுக் குழந்தைக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நீ அதைக் கற்றுக்கொண்டாய். நீ போனில் வராததற்கு உன்மேல் வருத்தப்பட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அந்த வருத்தத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று நீல டிரங்குப்பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஒட்டின இடத்தைக் கெட்டிலின் ஆவியில் காட்டிக் காட்டி, கத்தி முனையால் மெதுவாகப் பிரித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. பசை பழையது, நான்கு வரி கிழிந்துபோயிற்று. மிச்சம் படிக்க வருகிறது. அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. நானே சொன்னேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். சின்னவனுக்கு இப்போதே படிக்க வேண்டும் என்பதில்லை. உனக்காகத்தான் அனுப்புகிறேன்.

நாளை ஞாயிறு, அவன் எருதைப் பற்றிக் கேட்பான். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நான் சொல்லியிருப்பேன். எருது செத்துப்போயிற்று என்று உள்ளபடியே சொல்லப்போகிறேன். அவன் அழுதால் அம்மாவைக் கூப்பிடு என்பேன். நீ போனை வாங்கிக்கொள். ஒன்றும் பேச வேண்டாம், வாங்கிக்கொண்டால் போதும். நானும் அம்மாவும் இந்தப் பக்கம் இருப்போம். பேசத் தோன்றுகிற நாளில் எந்த நேரமானாலும் கூப்பிடு. எதைச் சொன்னாலும் நான் நடக்கப் போய்விட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா