மேஜர் சரவணன் நினைவு நாள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வருகிற ஜூலை 26, கார்கில் வெற்றி நாள். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேஜர் மாரியப்பன் சரவணனை நினைவுகூர இருக்கிறோம். அவர் வீரமரணம் அடைந்த மே 29 எப்போதும் கோடை விடுமுறையில் வந்துவிடுவதால்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம்.

திருச்சி கன்டோன்மென்ட்டில் அவருடைய நினைவிடத்தை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பெயர் தெரியும், என்ன செய்தார் என்று பலருக்கும் தெரியாது. ராமேசுவரத்தில் பிறந்தவர், பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் அதிகாரி. 1999-இல் எல்லை தாண்டி வந்தவர்கள் கார்கில் மலைமுகடுகளில் பதுங்குகுழி அமைத்திருந்தார்கள். நம் வீரர்கள் கீழேயிருந்து ஏற வேண்டும். மறைந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத மலை, 14,000 அடிக்கு மேல் உயரம், மூச்சு விடுவதே சிரமம். படாலிக் பகுதியில் அப்படி ஏறிய குழுவை மேஜர் சரவணன் முன்னால் நின்று நடத்தினார். ராக்கெட் லாஞ்சரால் பதுங்குகுழியைத் தாக்கினார். காயம்பட்ட பிறகும் பின்வாங்காமல் சண்டையிட்டு அங்கேயே உயிர் நீத்தார். வயது 26.

அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. மலை எதிரிகள் கையில் இருந்ததால் நெருங்க முடியவில்லை. அத்தனை நாளும் அவருடைய அம்மா காத்திருந்தார். போர்க்கள வீரத்துக்காக அவருக்கு வழங்கப்பட்ட வீர் சக்ரா விருதைச் சொல்லும்போது இதையும் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். விருதை மட்டும் சொன்னால் போர் என்பது ஏதோ பரிசளிப்பு விழா போல அவர்கள் மனதில் பதிந்துவிடும்.

அன்று இரவு வீட்டில் கேள்விகள் வரும். "ஏன் உடனே கொண்டு வரலை?", "வலிச்சிருக்குமா?" என்றெல்லாம் கேட்பார்கள். தயவுசெய்து பேச்சை மாற்றாதீர்கள், தெரிந்த அளவு உண்மையைச் சொல்லுங்கள். அதேபோல், போர்க் காட்சிகள் என்று கைப்பேசியில் சுற்றும் வீடியோக்களைக் காட்ட வேண்டாம். எந்த நாட்டு மக்கள் மீதும் வெறுப்பைக் கிளப்பும் பேச்சும் வேண்டாம். நம் மேடையிலும் அது இருக்காது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். ராணுவத்திலும் துணை ராணுவத்திலும் பணியாற்றும் பெற்றோரின் பிள்ளைகளும் நம்மிடம் படிக்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ எல்லையில் இருக்கும்போது இந்தக் கதையைக் கேட்பது சில பிள்ளைகளுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். உங்கள் பிள்ளை அப்படி என்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் நூலகத்தில் ஓர் ஆசிரியை அவர்களோடு இருப்பார், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு அவரவர் வகுப்பிலேயே சுருக்கமாகச் சொல்கிறோம்.

கூட்டத்துக்கு வர விரும்பும் பெற்றோர் தாராளமாக வரலாம். முன்னாள் படைவீரர்களான தாத்தாக்கள் வந்தால் முன்வரிசையில் இடம் வைத்திருப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்