அந்தப் படம் புத்தகத்தோடேயே இருக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ வட்ஸ்அப்பில் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன், குரல் பதிவையும் கேட்டேன். இதற்கு வட்ஸ்அப்பில் பதில் எழுத எனக்கு வராது, அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

நீ சொன்னது விளங்கியது. பழைய தேசப்படங்கள் வாங்கும் ஒருவர், நான் போன வருடம் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு என் பழைய கடற்பயணப் புத்தகத்தில் இருக்கும் யாழ்ப்பாணத் தேசப்படத்தை மட்டும் கேட்கிறார். மட்டையும் இல்லாத ஒற்றைப் பாகம் தனக்கு வேண்டாமாம், படத்தை மட்டும் மெதுவாக வெட்டி எடுத்து இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பினால் போதுமாம். அந்தக் காசில் அம்மாவின் கண் ஒப்பரேஷன் முடிந்துவிடும் என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். என்னை நினைத்துத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் கண்ணுக்குக் காசு இருக்கிறது பிள்ளை. வங்கியில் போட்ட நிலையான வைப்பு ஒன்று கெதியில் முதிர்கிறது, அதில் இடது கண்ணை முடித்துவிடலாம். படத்தை நான் வெட்ட மாட்டேன். ஏன் என்று ஆறுதலாகச் சொல்கிறேன், நீயும் ஆறுதலாக வாசி.

அந்தப் புத்தகம் வந்த கதை உனக்குத் தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. 1986. நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. சம்பள நாளில் மருதானைக்கு நடந்து போய், மெக்கலம் ரோட்டில், அதுதான் இப்போதைய டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில், பழைய புத்தகக் கடைகளை ஒரு சுற்றுப் பார்க்காமல் வீட்டுக்கு வந்ததில்லை. அன்றைக்கு ஓஎல் பரீட்சைப் புத்தகக் கட்டுகளுக்கு அடியில் ஒரு பெரிய, கனமான புத்தகம் கிடந்தது. முன் மட்டை இல்லை. முதுகுத் தோல் செந்தூளாக உதிர்ந்து என் சேலை முழுக்க ஒட்டிக்கொண்டது. பழைய தோல் மட்டைகள் காலம் போகப் போக அப்படிப் பொடியாவதுண்டு. கடைக்காரர் 600 ரூபா சொன்னார், என்னிடம் 250தான் இருந்தது. "மிச்சத்தை அடுத்த மாதம் தாங்க மிஸ்" என்று கடதாசியில் சுற்றிக் கையில் தந்துவிட்டார். அந்த மனிதரை நான் மறந்ததில்லை.

வீட்டுக்கு வந்து மேசை விளக்கின் கீழ் பார்த்தபோதுதான் அது என்ன என்று தெரிந்தது. லண்டனில் சர்ச்சில் என்ற புத்தக வியாபாரிகள் 1704இல் நான்கு பெரிய பாகங்களாகப் போட்ட கடற்பயணத் தொகுப்பு அது. 1732இல் அதுவே ஆறு பாகங்களாக வந்தது. எனக்குக் கிடைத்தது முதல் பதிப்பின் மூன்றாம் பாகம். அதற்குள்தான் ஒல்லாந்தப் பாதிரியார் பிலிப்பஸ் பல்தேயஸ் எழுதிய இலங்கை விவரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த காலத்தில் வந்து, ஏழெட்டு வருடம் அங்கேயே இருந்தவர் அவர். அவருடைய மூலப் புத்தகம் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது, அதில் தமிழ் எழுத்துக்களைக்கூடச் செப்புத் தகட்டில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அன்றிரவு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பழைய ஆங்கில அச்சில் சொல்லின் நடுவில் வரும் எஸ், பார்க்க எஃப் மாதிரி இருக்கும், அதனால் முதல் பத்துப் பக்கமும் தடக்கித் தடக்கித்தான் போனது. பிறகு கண் பழகிவிட்டது. திடீரென்று பருத்தித்துறை வந்தது. பெயரைச் சிதைத்துத்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் பருத்தித்துறையேதான். அங்கே கிறிஸ்தவக் கோயிலுக்கு முன்னால் உயரமான ஒரு புளியமரம், நல்ல நிழல், வெயில் நேரத்தில் வாங்குகளை வெளியே எடுத்துப் போடச் சொல்லி அதன் கீழேயே பிரசங்கம் செய்ததாகப் பாதிரியார் எழுதுகிறார். உன் அம்மப்பா எனக்குக் காட்டிய மரம் பிள்ளை! புயலில் விழும்வரை பருத்தித்துறைச் சனம் அந்தப் பாதிரியாரின் பெயரைச் சொல்லித்தான் அதைக் காட்டும். நான் பிறந்த வல்வெட்டித்துறையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அந்த மரம் லண்டனில் அச்சாகி, எத்தனையோ கை மாறி, மருதானையில் பரீட்சைப் புத்தகங்களுக்கு அடியில் எனக்காகக் கிடந்திருக்கிறது.

அந்தப் பகுதியோடுதான் நீ சொல்லும் படம் வருகிறது. கண் மங்கிய பிறகு நான் அதை விரலால்தான் அதிகம் பார்க்கிறேன். படத்தைச் சுற்றிலும் கடதாசி நூல் பிடித்த மாதிரி மெல்லப் பள்ளம் விழுந்திருக்கும். மை பூசிய செப்புத் தகட்டின் மேல் ஈரக் கடதாசியை வைத்து அழுத்தும்போது தகட்டின் விளிம்பு பதிந்த தடம் அது. முந்நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தடம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அடுத்த தரம் வரும்போது உன் விரலைப் பிடித்து வைத்துக் காட்டுகிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கடதாசிக்குள்ளே வரிவரியாகக் கம்பித் தடமும் தெரியும். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்களே, காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று, அதில் டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் ஆங்கிலத்தில் நிற்கிறது. படத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினால் அந்தக் கரையில் நடந்ததெல்லாம் வருகிறது. படத்தை எடுத்துவிட்டால் அந்தப் பக்கங்களுக்கு ஊர் இல்லை, பக்கங்களை விட்டுவிட்டால் படம் சுவர் அலங்காரம்.

வெட்டி விற்பது இன்றைக்கு நேற்றுத் தொடங்கியதில்லை. பசிபிக் கடலில் பயணம் செய்த ஆங்கிலக் கப்பித்தான் ஜேம்ஸ் குக்கின் மூன்றாம் பயணம் 1784இல் மூன்று பாகமும் ஒரு பெரிய படத்தொகுதியுமாக வந்தது, ஜோன் வெப்பர் கூடவே கப்பலில் போய் வரைந்த படங்கள். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சட்டம் போட்டு விற்றால் முழுத் தொகுதியை விடக் கூடக் காசு என்று எத்தனை தொகுதிகளைப் பிரித்துவிட்டார்கள். ஒரு படம் போனதும் புத்தகத்துக்கு "குறை" என்று பெயர் வந்துவிடும், பிறகு அடுத்தவர் மிச்சத்தை வெட்ட யோசிக்கவே மாட்டார். என் பாகம் ஏற்கெனவே ஒற்றை, மட்டையும் இல்லை. இதுவரை அதற்குள் ஒரு தாளும் குறையவில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறேன். குறைய வைக்கும் கை என் கையாக இருக்கக் கூடாது.

ஒரு தரம் பட்டிருக்கிறேன், உனக்குச் சொன்னதில்லை. 1994இல் குக்கின் பயணம் பற்றிய ஒரு பழைய சிறு பதிப்பைப் புறக்கோட்டைப் பக்கம் ஒரு பைண்டரிடம் கட்டக் கொடுத்தேன். நல்ல மனிதர், வடிவாகக் கட்டித் தந்தார், ஆனால் ஓரம் ஒழுங்கில்லை என்று மூன்று பக்கமும் வெட்டி நேராக்கியிருந்தார். படங்களின் அடியில் இருந்த பெயர்களில் பாதி போய்விட்டது. அவரில் பிழையில்லை, கொப்பி கட்டுகிறவருக்கு ஓரம் நேராக இருக்க வேண்டும், நான்தான் முதலே சொல்லியிருக்க வேண்டும். அன்று இரவு உன் அப்பா எனக்காகத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் கட்டக் கொடுக்கவில்லை. பருத்தித் துணி நாடாவால் கட்டி வைக்கிறேன், அது போதும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் நீலக் கொப்பி உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னதில் அதில் மீன் கீறினாய். முப்பது வருடத்துக்கு மேலாக அதில் ஒரே ஒரு வேலைதான் செய்கிறேன். எந்தப் பயணப் புத்தகம் கிடைத்தாலும், அதில் வழி காட்டியவர், மொழி சொன்னவர் யார் என்று தேடி, பெயரும் பக்கமும் எழுதி வைக்கிறேன். இதற்குத்தான் நான் புத்தகம் சேர்க்கிறேன். குக்கின் முதல் பயணத்தை எடுத்துக்கொள். பசிபிக் தீவான தஹிட்டியில் துபாயா என்ற ஒரு கடலோடி கப்பலில் ஏறினார். ரையத்தேயா தீவுக்காரர், தனக்குத் தெரிந்த தீவுகளை எல்லாம் படமாகக் கீறிக் காட்டினார், நியூசிலாந்தில் மாவோரிகளோடு கதைக்க முடிந்தது அவரால்தான். 1770இல் பத்தாவியாவில், அதுதான் இப்போதைய ஜகார்த்தாவில், நோய் வந்து இறந்துபோனார். அந்தப் பயணத்தைப் புத்தகமாக்கி 1773இல் மூன்று பாகமாகப் போட்டவர் ஹாக்ஸ்வொர்த், அந்தக் கப்பலில் கால் வைக்காதவர், அவருக்குக் கிடைத்தது 6,000 பவுண். ஹாக்ஸ்வொர்த்தின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, துபாயாவின் பெயரை உள்ளே தேடித்தான் எடுக்க வேண்டும். நான் தேடி எடுத்தேன், கொப்பியில் முதல் பெயர் அவருடையது.

உன் நாட்டுக் கதையும் அதில் இருக்கிறது. மத்தியூ பிளிண்டர்ஸ் 1802, 1803இல் அவுஸ்திரேலியாவைச் சுற்றி வந்தபோது கூடப் போனவர் பங்கரீ என்ற பூர்வகுடி மனிதர், கரையில் சனத்தைக் கண்டால் முன்னால் போய்க் கதைக்க முயன்றவர் அவர். திரும்பும் வழியில் மொரீசியஸில் பிரெஞ்சுக்காரர் பிளிண்டர்ஸைப் பிடித்து ஆறு வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். கடைசியில் புத்தகம் 1814 ஆடி மாதம் வந்தது. அச்சான புத்தகத்தைப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தபோது பிளிண்டர்ஸுக்கு நினைவில்லாமல் கிடந்தார், அடுத்த நாள் இறந்துவிட்டார். என்னிடம் இருப்பது மறுபதிப்பு. நீ மெல்பேர்ன் மாநில நூலகத்தில் முதல் பதிப்பைக் கேட்டுப் பார், சின்னவனையும் கூட்டிக்கொண்டு போ. பிளிண்டர்ஸின் பூனை டிரிம் கப்பலிலிருந்து கடலில் விழுந்து நீந்தித் திரும்பி ஏறிய கதையைச் சொல்லு, அவனுக்குப் பிடிக்கும்.

ஆங்கிலக் கடலோடி ரொபேர்ட் நொக்ஸையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரும் ஒரு பழைய புத்தகத்தை வாங்கியவர். 1660இல் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம். அங்கே ஒரு கிழவரிடம் ஆங்கில பைபிள் ஒன்று இருந்தது, கொழும்பிலிருந்து போர்த்துக்கேயர் போன காலத்தில் அவர் கையில் சேர்ந்தது. நொக்ஸ் அதை ஒரு பின்னிய தொப்பிக்கு மாற்றிக்கொண்டார். தப்பி வந்து 1681இல் எழுதிய புத்தகத்தில் இதையும் எழுதியிருக்கிறார். என்னிடம் இருப்பது கிளாஸ்கோவில் 1911இல் வந்த பதிப்பு. அந்தக் கிழவரின் பெயரை நொக்ஸ் எழுதவில்லை, கொப்பியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

கொப்பியின் கடைசிப் பக்கங்கள் நம் ஊருக்கு. அன்னபூரணி வல்வெட்டித்துறைக் கரையில் கட்டிய பாய்க்கப்பல். ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். நம் ஊர் மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவில் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அது கரையில் நின்றதை உன் அம்மப்பா சின்னப் பெடியனாகப் பார்த்தவர், பாய் விரித்ததைக் கையை விரித்துக் காட்டித்தான் சொல்லுவார், வேறு விதமாகச் சொல்லத் தெரியாது அவருக்கு. குக்குக்கும் பிளிண்டர்ஸுக்கும் வந்த மாதிரிப் படமும் பாகமுமாக ஒரு புத்தகம் அந்த மாலுமிகளில் யாரும் எழுதி நான் கண்டதில்லை. உன் அம்மப்பா சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்பது பக்கம். கொழும்பு நூதனசாலையில் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினேனே, 1409ஆம் ஆண்டுக் கல், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, சீனமும் தமிழும் பாரசீகமுமாக. காலியில் ஒரு மதகை மூடக் கிடந்ததைத்தான் 1911இல் கண்டெடுத்தார்கள். அதிலே தெற்கே தெவிநுவரைக் கோயில் தெய்வமான தெனவரை நாயனாருக்குக் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு எல்லாம் தமிழில் கணக்கோடு நிற்கிறது. நீ "அம்மா, இதை எனக்கு வாசிக்க முடிகிறது" என்று ஓரிரண்டு எழுத்தைக் காட்டிக் கத்தினாய், காவலாளி திரும்பிப் பார்த்தார்.

சரி. படம் கேட்கும் அவருக்கு இல்லை என்று மரியாதையாக எழுதிவிடு. சின்னவனின் அறைக்கு அந்தப் படம் வேண்டுமென்றால், காலி வீதியில் ஒரு கடையில் நல்ல கடதாசியில் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறேன், சட்டம் போட்டுக்கொள்ளலாம், அசலில் கை படவில்லை. புத்தகங்களும் கொப்பியும் உனக்குத்தான், உனக்கு இடமில்லை என்றால் முழுதாக ஒரு நூலகத்துக்குக் கொடு, பிரிக்காதே. வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குப் பூஞ்சணம் கெதியாகப் பிடிக்கும், அதனால் எக்காரணம் கொண்டும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதே. காய்ந்த வேப்பிலை, கிழமைக்கு ஒரு தரம் அலுமாரிக் கதவைத் திறந்து காற்று, அவ்வளவுதான்.

மார்கழியில் வரும்போது அமிலமில்லாத மெல்லிய கடதாசி ஒரு கட்டு கொண்டு வா, இங்கே நல்லது கிடைப்பதில்லை. வெளிச்சம் உள்ள பூதக்கண்ணாடி ஒன்றும். பென்சில் வேண்டாம், நிறைய இருக்கிறது. கண் சரியானதும் பல்தேயஸை முதல் பக்கத்திலிருந்து திரும்ப வாசிக்கத் தொடங்குகிறேன், பாதியில் நீ வந்துவிடுவாய், மிச்சத்தை நீ சத்தமாக வாசி.

அன்புடன்,
அம்மா