வீட்டில் கான்டனீஸை விட்டுவிடாதீர்கள்

தென் சீனாவின் குவாங்டோங்கிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடியேறிய அம்மாவுக்கு,

வணக்கம். மகளுக்காக வீட்டில் உங்கள் தாய்மொழியான கான்டனீஸை நிறுத்திவிட்டு, சீனாவின் பொதுமொழியான மாண்டரினுக்கு மாறலாமா என்று யோசிக்கிறீர்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளில் ஒன்றான, 2007-இல் தொடங்கிய ஏ.பி. சீனமொழித் தேர்வு மாண்டரினுக்கு மட்டும்தான். உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மாற வேண்டாம். மாண்டரினைச் சனிக்கிழமை வகுப்பு பார்த்துக்கொள்ளும். கோபமும் கொஞ்சலும் தானாக வாயில் வரும் மொழியை நீங்கள்தான் தர முடியும். உங்கள் ஊரிலேயே வெஸ்ட் போர்ட்டல் தொடக்கப் பள்ளியில் 1984-இல் கான்டனீஸ் வழிக் கல்வி தொடங்கினார்கள். அங்கே இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

பள்ளி தொடங்கியதும் மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். திட்டாதீர்கள், பேச்சே நின்றுபோகும். அவள் சொன்னதையே கான்டனீஸில் ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். தலையாட்டித் தப்பிக்க முடியாத கேள்வியாக இருக்கட்டும்: "சோறா, நூடுல்ஸா?"

கான்டனீஸில் ஆறு தொனிகள். 'மாய்' என்பதைத் தாழ்ந்த குரலில் தொடங்கி ஏற்றினால் வாங்குவது, ஏற்றாமல் சமமாக விட்டால் விற்பது. விதி சொல்லிப் புரியவைக்க முடியாது. பொம்மைக் கடை போடுங்கள். ஏற்றிச் சொன்னால் பொருள் அவளுக்கு. சமமாகச் சொன்னால் அவள் கையிலிருப்பதைக் கொடுக்க வேண்டும். விளையாட விளையாடக் காது பிடித்துக்கொள்ளும்.

பலர் இடறுவது புத்தகத்தில்தான். அச்சில் வரும் நடை பெரும்பாலும் மாண்டரினை ஒட்டியது. 'அவர்கள்' என்பதற்கான எழுத்துகளைக் கான்டனீஸில் உச்சரித்தால் 'தா முன்'. நீங்கள் பேசுவதோ 'கோய் டேய்'. எழுத்துக்கு எழுத்து வாசித்தால் பிள்ளைக்கு அது யாரோ பேசும் மொழி, கதை பிடிக்காமல் போய்விடும். சின்ன வயதில் வரியைப் பார்த்துக்கொண்டு பேச்சு நடையில் சொல்லுங்கள். எழுத்து பழகிய பிறகு ஒரே பக்கத்தை இரண்டு முறை: முதலில் பேசுவதுபோல், பிறகு அச்சில் உள்ளபடி.

அப்பாவின் அண்ணன் 'பாக் பாக்', தம்பி 'சுக் சுக்', அம்மாவின் சகோதரர் 'காவ் ஃபூ'. ஆங்கிலத்தில் மூவரும் அங்கிள். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரித்து அழைத்தே வளர்ந்த எங்களுக்கு இது போனால் என்ன போகும் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டு, மகளையும் போப்போவையும் (அம்மாவழிப் பாட்டி) சமையலில் இறக்கிவிடுங்கள். ஆவியில் வேகும் முட்டை போதும். எண்ணும்போது 'சாம் ஜெக் டான்', மூன்று முட்டை. கான்டனீஸில் எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே, பொருளுக்கு ஏற்ற ஓர் அளவைச் சொல் வரும்; இங்கே அது 'ஜெக்'. அமெரிக்காவில் வளரும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான 'கோ' போட்டு எண்ணுவார்கள். முட்டைக்கு 'ஜெக்' என்று போப்போ திருத்தட்டும். அடித்த முட்டை ஒரு பங்கு, வெதுவெதுப்பான நீர் ஒன்றரைப் பங்கு. வடிகட்டி, நுரையை எடுத்து, தட்டால் மூடி, சிறு தீயில் சுமார் பத்து நிமிடம். தீ கூடினால் உள்ளே ஓட்டை ஓட்டையாகிவிடும். நீங்கள் காரணம் சொல்லாதீர்கள். ஏன் ஓட்டை விழுந்தது என்று அவளே போப்போவிடம் கேட்கட்டும்.

அன்புடன்.