காசிமேடு நம் தெரு அம்மன் கோவில்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அம்மன் அருளால் குடமுழுக்கு நிறைவேறி, 48 நாள் மண்டலாபிஷேகமும் முடிந்தது. ஒன்றரை ஆண்டில் முடிப்பதாகச் சொன்ன வேலை ஏன் இத்தனை ஆண்டு இழுத்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

2020 தை மாதம் பாலாலயம் செய்து, வேலை முடியும்வரை அம்மனைத் தற்காலிகச் சந்நிதியில் வைத்தோம். மார்ச்சில் ஊரடங்கு வந்தது; ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டது. மாதச் சம்பளக்காரர்கள் கைகொடுப்பார்கள் என்று இருந்தோம். சிக்கன நடவடிக்கையாகத் தமிழக அரசு அகவிலைப்படி உயர்வை நிறுத்திவைத்தது. அது மறுபடி கூடியது 2022 ஜனவரியில்தான். வேலையிழந்த தம்பியும் மருமகனும் அந்த வீடுகளில்தான் சாப்பிட்டார்கள். அவர்களிடம், கோவிலுக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

ரேஷன் அரிசி ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்தது. சிலிண்டருக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும்தான் வழியில்லை. அரசு அட்டைக்குத் தந்த 1,000 ரூபாய் வாடகை பாக்கிக்கே போதவில்லை. எனவே ஆடிக்கூழ் காய்ச்சும் அண்டாக்களை மடப்பள்ளி அடுப்பில் ஏற்றினோம். அரிசியைப் படி படியாக வீடுகளிலிருந்து கொண்டுவந்தார்கள். மற்றதெல்லாம் கலசத்துக்குத் தங்க முலாம் பூச ஒதுக்கியிருந்த பணத்தில் வாங்கினோம். பொதுக்குழுவைக் கேட்காமல் எடுத்த முடிவு இது. கூட்டம் போட முடியாத காலம் என்றாலும் தொலைபேசியிலாவது கேட்டிருக்க வேண்டும், மன்னிக்கவும். ஆனால் அந்தச் செலவைத் தவறென்று எங்களால் எழுத முடியாது. கலசம் செம்பாகவே ஏறியிருக்கிறது.

மீண்டும் தொடங்கியபோது ஸ்தபதிக்குத் தர முன்பணம் இல்லை. தலைச்சுமையாக மீன் விற்கும் நம் பெண்கள் நடத்தும் சீட்டில், அந்த மாதம் முறை வந்தவர் விட்டுக்கொடுத்து முழுத் தொகையையும் கோவிலுக்குத் தந்தார். வட்டி என்ற பேச்சே எடுக்கவில்லை. அந்தக் கடன் அடைந்துவிட்டது. ஆண்டுதோறும் வரும் 61 நாள் தடைக்காலத்தில் படகு இளைஞர்கள் மணலும் ஜல்லியும் சுமந்தார்கள். படகுக்கு வர்ணம் அடிப்பவர்களே விமானத்துச் சுதைகளுக்கும் தீட்டினார்கள். விசைப்படகின் நீலம் அம்மன் சேலையில் இருப்பதை நிமிர்ந்து பார்த்தால் காணலாம்.

உபயதாரர் கல்வெட்டில் பெயர்கள் மட்டுமே உண்டு, தொகை இல்லை. பெரிய தொகை தந்த இருவருக்கு இதில் மனவருத்தம். முந்தானையில் முடிந்துவைத்திருந்த பத்து ரூபாயை அவிழ்த்துத் தந்த ஆயாவின் பெயரை எந்த வரிசையில், எந்த அளவு எழுத்தில் வெட்டச் சொல்வது என்று யோசித்துத்தான் இப்படிச் செய்தோம்.

மேற்கு மதிலின் பூச்சும் மின்பணியாளருக்கான பாக்கியும் மிச்சம். ஆடிக்குள் முடித்துவிடுவோம். வரவு செலவு நோட்டும் ரசீதுகளும் வெள்ளிக்கிழமைதோறும் மாலை பூஜைக்குப் பின் மடப்பள்ளித் திண்ணையில் இருக்கும். அரிசிக் கணக்கு தனி நோட்டில் இருக்கிறது. கேட்டு வாங்கிப் பாருங்கள்.