பாக்டீரியா கான்கிரீட்டுக்குக் கியூப் உடைத்தால் போதாது

பாக்டீரியா கான்கிரீட்டைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும், அதை ஒப்பந்த விவரக்குறிப்பில் சேர்க்க நினைக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தைப் படியவைத்து விரிசலை மூட வேண்டும் என்று பாக்டீரியாவைக் கலந்து செய்வதுதான் பாக்டீரியா கான்கிரீட்.

"பாக்டீரியா கலந்தோம், 28 நாள் வலிமை கூடியது" என்று முடியும் அறிக்கைகள்தான் அதிகம் கைக்கு வருகின்றன. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்தக் கான்கிரீட்டை, கியூப் எனும் சோதனைக் கனசதுரத்தை உடைத்து அளக்கும் அமுக்க வலிமையை வைத்து மதிப்பிடாதீர்கள்; விரிசல் வழியே தண்ணீர் ஒழுகுவது எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

முதலில் வலிமைக் கணக்கு. பரவலாகக் கலக்கப்படும் அளவு, கலவை நீரில் மில்லிக்கு 1 லட்சம் செல். ஒரு கன மீட்டருக்கு 180 லிட்டர் தண்ணீர் என்றால் மொத்தம் 1,800 கோடி செல். கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு செல்லின் எடை ஏறத்தாழ ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அத்தனையும் சேர்ந்தாலும் 0.018 கிராம். 2,400 கிலோ கான்கிரீட்டில் ஒரு சிட்டிகைகூடத் தேறாத இந்தப் பொருள், தின்ன உணவும் சேர்க்கக் கால்சியமும் இல்லாமல் துளைகளை அடைத்தது என்று எப்படி ஒப்புக்கொள்வது? சிமெண்ட் நீரின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு வேறு 12.5-க்கு மேல். அதில் வளர்நிலைச் செல்கள் (ஸ்போர் எனும் உறங்குநிலை வித்தாக மாறாதவை) பெரும்பாலும் செத்துப்போகும்.

அப்படியானால் கியூபில் தெரிந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வளர்ப்பு ஊடகத்திலிருந்து, அதாவது பாக்டீரியாவை வளர்த்த சத்துக் கரைசலிலிருந்து. ஈஸ்ட் சாறும் பெப்டோனும் சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். புரதம் நுரைத்துக் காற்றை உள்ளே இழுக்கும். காற்று 1 சதவீதம் கூடினால் வலிமை ஏறத்தாழ 5 சதவீதம் இறங்கும். ஊடகத்தைக் கலவை நீரின் கணக்கில் சேர்க்க மறந்தால் நீர்-சிமெண்ட் விகிதமே மாறிவிடும். ஆகவே ஒப்பீட்டுக்கு நான்கு கலவை வேண்டும்: வெறும் நீர், செல் இல்லாத ஊடகம், 121 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) செய்து கொன்ற செல், உயிருள்ள செல். நான்கிலும் இறுகாத புதுக் கலவையின் அடர்த்தியையும் காற்றளவையும் குறித்துவையுங்கள். கொன்ற செல்லும் உயிருள்ள செல்லும் ஒரே வலிமை காட்டினால், அது பாக்டீரியாவின் உயிர்ச்செயல் அல்ல.

எந்த வேதிவினை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்போரோசார்சினா பாஸ்டுரி என்ற பாக்டீரியா யூரியாவை உடைத்து வேகமாகக் கால்சைட் தரும். மணலைக் கெட்டியாக்கவும் மேற்பரப்பில் பூசவும் நல்ல வழி. ஆனால் 100 கிராம் கால்சைட்டுக்கு 60 கிராம் யூரியா செலவாகி 34 கிராம் அம்மோனியா வெளியேறும். கூடவே கால்சியத்துக்காகச் சேர்ப்பது கால்சியம் குளோரைடு என்றால், அதன் குளோரைடால் கம்பிக்கு ஆபத்து. 350 கிலோ சிமெண்ட் உள்ள கலவையில் குளோரைடு வரம்பு சிமெண்ட் எடையில் 0.4 சதவீதம் என்று வைத்தால் 1.4 கிலோ; 2 கிலோ கால்சைட் தரும் அளவு கால்சியம் குளோரைடே அந்த வரம்பைத் தின்றுவிடும். கம்பி உள்ள இடத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

கான்கிரீட்டுக்குள் வைக்கக் கால்சியம் லாக்டேட் வழிதான் பொருத்தம். காரத்தைத் தாங்கும் பேசில்லஸ் வகைகளின் ஸ்போர்கள் உள்ளே உறங்கும். விரிசலில் நீரும் ஆக்சிஜனும் நுழைந்ததும் விழித்து லாக்டேட்டைத் தின்னும். ஒரு பங்கு கால்சைட் நேரடியாக வரும், வெளிவரும் ஐந்து பங்கு கார்பன் டை ஆக்சைடு சிமெண்டிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து இன்னும் ஐந்து பங்கு தரும். அதாவது மிஞ்சிப்போனால் 218 கிராம் லாக்டேட்டுக்கு 600 கிராம் கால்சைட்.

இப்போது ஒரு விரிசலை எடுத்துக்கொள்வோம்: அகலம் 0.3 மில்லிமீட்டர், நீளம் 1 மீட்டர், ஆழம் 50 மில்லிமீட்டர். முழுக்க நிரப்ப 15 கன சென்டிமீட்டர், ஏறத்தாழ 40 கிராம் கால்சைட் வேண்டும். ஒரு கன மீட்டரில் 2 மில்லிமீட்டர் உருண்டைகளாக 15 கிலோ லாக்டேட் இருப்பதாக வைத்தால், இந்த விரிசல் வெட்டிச்செல்லும் உருண்டைகளின் மொத்த எடை 1.5 கிராம். மிஞ்சிப்போனால் 4 கிராம் கால்சைட். விரிசலின் வாய்ப்பகுதியில் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் அது காணும். தண்ணீரைத் தடுக்க அது போதும். உடைந்த விட்டத்தின் வலிமையை மீட்க ஒருநாளும் போதாது.

ஸ்போர்களை அப்படியே கலவையில் கொட்டினால், சிமெண்ட் இறுக இறுகத் துளைகள் 1 மைக்ரானுக்கும் கீழே சுருங்கி அவற்றை நசுக்கிவிடும். சில மாதங்களில் பெரும்பாலானவை பயனற்றுப்போகும். விரிவாக்கிய களிமண் உருண்டையில் அடைத்துவைத்தால் பிழைக்கும். ஆனால் அந்த உருண்டை மணலையும் ஜல்லியையும் விட வலுக்குறைந்தது. அளவு கூடினால் கான்கிரீட்டின் வலிமை நன்றாகவே இறங்கும். வலிமையைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பொருளின் பாதுகாப்பு உறையே வலிமையைக் குறைப்பதைப் பலர் பேசுவதில்லை.

டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட சோதனையில், 100 நாள் நீரில் மூழ்கிய பிறகு பாக்டீரியா மாதிரிகளில் 0.46 மில்லிமீட்டர் வரையிலான விரிசல் மூடியது. சாதாரண மாதிரியில் 0.18 வரை. சாதாரணக் கான்கிரீட்டும் தானாகவே கொஞ்சம் மூடிக்கொள்ளும் என்பதை இரண்டாவது எண்ணில் கவனியுங்கள். 0.1 மில்லிமீட்டர் விரிசல் மூடியதைக் காட்டி யாரும் பெருமைப்பட வேண்டாம்.

எனவே விவரக்குறிப்பில் இப்படி எழுதுங்கள். விரிசல் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். ஒரு தொகுதியை 28 நாளிலும் இன்னொன்றை ஆறு மாதம் கழித்தும் பிளக்க வேண்டும். இளம் கான்கிரீட்டில் வினைபுரியாத சிமெண்டே விரிசலை மூடி நல்ல பெயரைப் பாக்டீரியாவுக்கு வாங்கித் தந்துவிடும். ஸ்போர் இல்லாத, லாக்டேட் மட்டும் உள்ள உருண்டைகளோடு ஒரு ஒப்பீட்டு மாதிரி கட்டாயம். நனைத்தும் உலர்த்தியும் வைத்து, ஒரே நீர்மட்ட அழுத்தத்தில் முன்னும் பின்னும் கசிவை லிட்டர் கணக்கில் அளக்க வேண்டும். மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் கால்சைட் படிகம் தெரிவது சான்றாகாது. காற்றின் கார்பன் டை ஆக்சைடு பட்ட எந்தக் கான்கிரீட்டிலும் அது இருக்கும்.

தொட்டி, சுரங்கம், அடித்தளச் சுவர், கால்வாய் என்று நீர் படும் இடங்களுக்கு மட்டும் இதைப் பரிசீலியுங்கள். உலர்ந்தே கிடக்கும் உள்தளத்தில் ஸ்போர் விழிக்காது. அங்கே இதற்குச் செலவிடும் பணத்தில் கியூரிங்கை (ஈரம் காத்துக் கான்கிரீட்டை இறுகவிடுவதை) ஒழுங்காகச் செய்யலாம்.

இப்படிக்கு,
கான்கிரீட் சோதனையில் பணிபுரியும் சிலர்