'99 சதவீதத்துக்கு மேல்' என்றால் எவ்வளவு?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருந்தியல் கட்டுரை, ஒரு மருந்து "99 சதவீதத்துக்கு மேல் ரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது" என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்த 'மேல்' என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை அளப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை.

ரத்தப் புரதங்களில் முக்கியமான அல்புமினில் ஒட்டியிருக்கும் வரை மருந்து ரத்தத்தோடு சுற்றிவரும், அவ்வளவுதான். திசுவுக்குள் நுழைந்து வேலை செய்வது ஒட்டாமல் தனித்திருக்கும் பகுதி. 99.5 சதவீதம் ஒட்டினால் தனித்திருப்பது அரை சதவீதம். 99 சதவீதம் ஒட்டினால் ஒரு சதவீதம். அதாவது இரண்டு மடங்கு! இதை எப்படி 'மேல்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்குவது?

அளப்பதும் லேசான காரியம் அல்ல. மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ரத்தத்தின் திரவப் பகுதியான வெளிர்மஞ்சள் பிளாஸ்மா, மறுபக்கம் அமில-கார நிலை எளிதில் மாறாத, நிறமற்ற தாங்கல் கரைசல். மருந்து சவ்வைத் தாண்டும், புரதம் தாண்டாது. 37 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் ஆட்டியபடி வைத்து, சமநிலை வந்ததும் இரண்டு பக்கமும் அளக்கிறோம். இதற்கிடையே பிளாஸ்மாவிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால், 7.4 ஆக இருக்க வேண்டிய பிஎச் (அமில-கார அளவு) ஏறிவிடும். சில மருந்துகள் ஒட்டும் அளவே அதனால் மாறும். வேறு சில, புரதத்தை விட்டுப் பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். இறுதியில், கரைசல் பக்கத்து மருந்து கருவியின் திரையில் ஒரு சின்னஞ்சிறு மேடாகத் தெரியும். அந்த மேட்டை நம்பலாமா என்று உறுதி செய்வதற்காகவே எத்தனையோ முறை சோதனையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

வலிப்புக்குத் தரப்படும் பெனிட்டாயினைப் பாருங்கள். வழக்கமாகச் சுமார் 90 சதவீதம் ஒட்டும். அல்புமின் குறைந்த நோயாளிக்கு, ரத்தத்தில் மருந்தின் மொத்த அளவு லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் என்ற வழக்கமான எல்லைக்குள் இருந்தாலும், தனித்த மருந்து மிகுந்துவிடலாம். நடை தள்ளாடும், கண்மணிகள் தாமாகவே ஆடும். மொத்த அளவை மட்டும் காட்டும் பரிசோதனைத் தாளோ எல்லாம் சரி என்றே சொல்லும்.

மருந்துகளின் இடைவினை பற்றி 2024-இல் இறுதி வடிவம் பெற்ற, மருந்து விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் ஐசிஎச் அமைப்பின் எம்12 வழிகாட்டி, துல்லியத்தை நிரூபித்தால் தனித்த பகுதிக்கு ஒரு சதவீதத்துக்குக் குறைவான எண்ணையும் அப்படியே கணக்கில் எடுக்கலாம் என்கிறது. அந்த அக்கறை பத்திரிகையிலும் வேண்டும். கட்டுரையாளர் அந்த மருந்தில் தனித்திருப்பது எத்தனை சதவீதம், எந்த முறையில் அளந்தது என்று அடுத்த இதழில் இரண்டு வரி எழுதினால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஆய்வகத்தில் பணிபுரியும் வாசகர்