பல்கலைக்கழகத் துறைகளில் சக மாணவர்கள் நடத்தும் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சிக்கு நாள் குறித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆய்வு மாணவர்கள் மற்றும் முதுகலை மாணவர்கள்,
திருநெல்வேலி மாவட்டம்.
(பெயர்களும் கையொப்பங்களும் தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வரும் கல்வியாண்டில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துறைகளிலும், அடுத்து பாளையங்கோட்டை, திருநெல்வேலி கல்லூரிகளிலும், பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சியைத் துறைவாரியாக நடத்த வேண்டும், அதைப் பயிற்சி பெற்ற மாணவர்களே நடத்த வேண்டும், அதற்கான நாட்களை டைம்டேபிள் போடும்போதே குறித்துவிட வேண்டும் என்று கேட்டு இம்மனுவை அளிக்கிறோம். யார் மீதும், எந்த நிறுவனத்தின் மீதும் இதில் புகார் இல்லை. நாங்கள் கேட்பது நாள்தான்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1997இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்து உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது, 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது, 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே தனி விதிமுறை கொண்டுவந்தது. அந்த விதிமுறையின்படி, மாணவர் தொடர்பான புகார் என்றால் உள்ளகப் புகார்க் குழுவில் (நிறுவனத்துக்குள்ளேயே இத்தகைய புகார்களை வாங்கி விசாரிக்கும் குழு) தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகள் மூன்று பேர் இருக்க வேண்டும். ஆசிரியர், அலுவலர், மாணவர் எல்லோருக்கும் பயிற்சி நடத்துவதும் நிறுவனத்தின் கடமை.

பயிற்சி நடக்கும் விதத்தில்தான் கோளாறு. எங்களில் ஒருவர் முன்பு படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) மகளிர் தினத்தை ஒட்டி எல்லாத் துறைகளையும் ஒரே செமினார் ஹாலில் உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் துறைத் தலைவர்கள், பின்னால் மாணவர்கள். வெளியூரிலிருந்து வந்த வழக்கறிஞர் நன்றாகத்தான் பேசினார். கடைசியில் "கேள்வி இருந்தா கேளுங்க" என்றார். ஒரு கையும் எழவில்லை. தன் கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், திரும்பிப் பார்க்கும் தூரத்தில் இருக்கும்போது எந்த ஸ்காலர் எழுந்து கேட்பார்? வருகைத்தாளில் கையெழுத்து, பொன்னாடை, குரூப் போட்டோ. அந்த ஆண்டுக்கான விழிப்புணர்வு அத்தோடு முடிந்தது.

சக மாணவர் நடத்தினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். இருபது, இருபத்தைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து இப்படி ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்ளலாம்: மாலை ஐந்தரை மணி, லேபில் மற்றவர்கள் கிளம்பியாச்சு, "சாப்டர் பாக்கணும், நீ மட்டும் இரு" என்கிறார் நெறியாளர். போன வாரமும் இதையேதான் சொன்னார், ஆனால் சாப்டரை அவர் தொடவே இல்லை. உதவித்தொகைப் படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டும், ஆய்வுச் சுருக்கத்துக்கும் அவர் ஒப்புதல் வேண்டும். அந்த மாணவி என்ன செய்யலாம்? கூடப் படிப்பவர் என்ன செய்யலாம்? சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் பொறுப்பு, விசாரணை முடியும்வரை அந்த நெறியாளர் புகார் தந்தவரின் வேலையை மதிப்பிடக் கூடாது என்று இடைக்கால ஏற்பாடு கேட்கலாம். கடைசியாகச் சொன்னது எங்களில் பலருக்கே இம்மனுவை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. "புகார் குடுத்தா பிஎச்.டி. போயிருமே" என்ற பயத்துக்கு நேர் பதில் அதுதான். அந்தப் பயத்தை, தன்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம்தான் வாய்விட்டுச் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பயிற்சி நடத்தும் மாணவர்கள் புகார் வாங்கக் கூடாது, விசாரிக்கக் கூடாது, சமரசம் பேசவே கூடாது. புகார்தாரரின் பெயரையும் விவரங்களையும் வெளியிடுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடை செய்கிறது. எங்கே போவது, யாரிடம் கொடுப்பது என்று வழி சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்தது. அந்த எல்லையைக் கற்றுக்கொள்ளத்தான் முதலில் அவர்களுக்கே முறையான பயிற்சி தேவை. மாவட்ட சமூக நல அலுவலகமும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சேர்ந்து துறைக்கு இருவருக்கு, ஓர் ஆண் ஒரு பெண் என, இரண்டு நாள் பயிற்சி தந்தால் போதும்.

அப்புறம் நாள் விஷயம். ஜூலை கடைசியில் தொடங்கி செப்டம்பருக்குள் முடிப்பது நல்லது. அக்டோபரில் மழையும் இன்டெர்னல் தேர்வும் சேர்ந்து வந்துவிடும். பொங்கல் கழிந்து, புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் ஒரு சுற்று. நேரம் காலை பதினொன்று முதல் ஒன்று வரை இருக்கட்டும். அபிஷேகப்பட்டியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் போகிறவர்கள் நான்கு மணிக்கு மேல் காதை இங்கே வைத்துவிட்டுக் கண்ணைத் தென்காசி ரோட்டில் வைத்திருப்பார்கள். ஆய்வு மாணவர் அமர்வில் நெறியாளர்கள் இருக்க வேண்டாம். அவர்களுக்கும் அலுவலர்களுக்கும் தனி அமர்வு வேண்டும். விடுதிச் சமையலர், துப்புரவுப் பணியாளர் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அவர்கள் ஷிப்டு மாறும் நேரத்தில் வைக்க வேண்டும். இவர்களைத்தான் எப்போதும் மறந்துவிடுகிறார்கள்.

பல்கலைக்கழக டைம்டேபிள் தங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஆனாலும் ஆட்சியர் அலுவலகக் கடிதத்துக்கு இருக்கும் மரியாதை எங்கள் மனுவுக்கு இருக்காது. இன்னொரு வழியும் உண்டு. உள்ளகப் புகார்க் குழு ஆண்டுதோறும் மாவட்ட அலுவலருக்கும் (இச்சட்டத்துக்காக மாவட்டத்தில் அரசு அறிவிக்கும் அதிகாரி) அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த அறிக்கையில் எத்தனை பயிலரங்கம் நடந்தது என்று எழுத வேண்டும். எண்ணிக்கை மட்டும் கேட்பதால்தான் செமினார் ஹால் கூட்டம் ஒன்று நடந்தாலே கணக்கு நேராகிவிடுகிறது. எந்தத் துறை, எந்தத் தேதி, யார் நடத்தினார், எத்தனை பேர் வந்தார்கள் என்று இந்த ஆண்டு முதல் கேட்டுப் பெறுமாறு தாங்கள் உத்தரவிட்டால், துறைகள் தாமாகவே நாள் ஒதுக்கும்.

ஆகவே, பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் ஜூன் மாதத்துக்குள் கடிதம் அனுப்பவும், மாணவர் பயிற்றுநர்களுக்கான இரண்டு நாள் பயிற்சிக்குத் தேதி அறிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பயிற்றுநராக முன்வந்திருப்பவர்களின் பட்டியலைத் துறைவாரியாக இணைத்துள்ளோம். அவர்களுக்கு மதிப்பூதியம் எதுவும் வேண்டாம், பயிற்சி நாட்களுக்கு வருகைப்பதிவு மட்டும் கிடைத்தால் சரி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

நகல்:
மாவட்ட சமூக நல அலுவலர், திருநெல்வேலி.
செயலாளர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, திருநெல்வேலி.